எனக்காக வேறொருவர் நிரப்பிய பாட்டில்

பெரியவளே, சின்னவனே,

போன வாரம் ஃபோனில் பேசும்போது பெரியவள் ஒன்று கேட்டாள். "அப்பா, ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. எனக்கு சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பாக்குதாம். இது உங்ககிட்டேருந்து வந்ததா, இல்ல நான் சாப்புடற சாப்பாட்டால வந்ததா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை. நான் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ரத்தம் எடுத்த அன்று ஒருவர் வந்து கிளாஸ் எடுத்ததாகவும், 'உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்' என்று பேசியதாகவும் அவள் சொன்னாள். அதே பேச்சை நான் தொண்ணூற்றொன்றில் ஒரு டாக்டர் வாயால் கேட்டேன். அன்றிலிருந்து இன்று வரை அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் சரி என்று படுகிறது, சில நாள் அநியாயம் என்று படுகிறது. நான் எட்டாவது வரைதான் படித்தவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்கக் குழப்பமாக இருந்தால் எழுதுகிறவனும் குழம்பியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. பிள்ளைப்பாக்கத்துக்கு அடுத்த நம் ஊரிலிருந்து பெரிய ரோட்டு மேல் இருந்த வார்ப்பு ஃபேக்டரிக்குச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த சாமான்களின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைச் சுற்றுகிற கல்லில் வைத்துத் தேய்த்து எடுப்பது என் வேலை. நாள் முழுக்க இரும்புத் தூள் பறக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

நாலு வருஷமாக நான் அங்கே டெம்பரவரி. டெம்பரவரி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. சில மாதத்துக்கு ஒரு தடவை 'பிரேக்' என்று சொல்லி ஒரு வாரம் வீட்டில் உட்கார வைப்பார்கள். எட்டாவது நாள் போனால் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தது போல் பேர் எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொரு பிரேக்கிலும், திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று நானும் உங்கள் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருப்போம். ஆகையால் ஆடி மாதத்தில் பதினோரு பேரைப் பர்மனென்ட் பண்ணப் போகிறார்கள், அதில் என் பேரும் இருக்கிறது என்று தெரிந்தபோது நான் கல்லை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பாக்கியிருந்தது மெடிக்கல் ஒன்றுதான். ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் இருந்த ஒரு டாக்டர்தான் கம்பெனிக்காகப் பார்ப்பார். அவர் 'ஃபிட்' என்று ஒரு வார்த்தை எழுதினால் ஆர்டர் கைக்கு வந்துவிடும்.

பத்துப் பேருக்கு எழுதினார். பதினோராவது ஆள் நான்.

அந்தக் காலத்தில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற விதம் வேறு. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே இருந்தால் ஒன்றுமில்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் நிறைய. என்னுடையது ஆரஞ்சில் நின்றது.

"சர்க்கரை இருக்குப்பா உனக்கு. வயசு என்ன?" என்றார் டாக்டர்.

"முப்பத்திமூணு சார். டீல போடறது தவிர நான் சர்க்கரையே தொடறதில்ல சார்."

"அந்தச் சர்க்கரை இல்லப்பா."

"மருந்து குடுங்க சார், துண்ணுட்டுப் போறேன்."

"மருந்து இப்ப வேணாம். மூணு மாசம் டைம் தரேன். சோத்தைக் குறை. காலையில நட. கவலைப்படறதை விடு, மனசை லேசா வெச்சுக்கோ. உன் உடம்பு உன் பொறுப்பு, வேற யாரும் வந்து பாத்துக்க மாட்டாங்க. ஐப்பசியில வா, திரும்ப டெஸ்ட் பண்ணலாம். சரியா இருந்தா ஃபிட்டுன்னு எழுதறேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் தினம் பதினாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கறேன் சார். எட்டு மணி நேரம் நின்னுகினு இரும்பத் தூக்கறேன். இதுக்கு மேல நடக்கணுமா?"

"அது வேலை. நான் சொல்றது நடை."

கால் ஒன்றுதான். ஃபேக்டரிக்குள் அசைந்தால் வேலை, வெளியே அசைந்தால் நடை. அந்தக் காலுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

முதல் சிக்கல் வெல்லத்தில் வந்தது. தூசு வேலை செய்கிறவர்களுக்கு ஷிப்டுக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுப்பது எங்கள் ஃபேக்டரியில் வழக்கம். வெல்லம் தொண்டையில் ஒட்டின தூசை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. சங்கம் கேட்டு வாங்கிய உரிமை அது. நான் வெல்லம் கொடுக்கிற ஜன்னலில் போய், எனக்கு வேண்டாம் என்றேன். அரை மணி நேரத்தில் சங்கத்துச் செயலாளர் என் கல்லுக்கே வந்துவிட்டார்.

"இன்னாபா, வெல்லம் வேணான்னியாமே."

"வயித்துக்கு ஒத்துக்க மாட்டேங்குதுண்ணே."

"நீ வேணான்னு சொல்லு, நாளைக்கு ஆபீஸ்ல இன்னா சொல்வான் தெரியுமா? தொழிலாளியே வேணான்றான்னு மொத்தமா நிறுத்துவான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்க. அப்பால நீ அத இன்னா வேணா பண்ணு."

வாங்கிக்கொண்டேன். அதை என்ன பண்ணுவது? சாப்பிட்டால் தூசு இறங்கும், சர்க்கரை ஏறும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும், தூசு தங்கும். நுரையீரல் என் பொறுப்பா, ரத்தம் என் பொறுப்பா? இரண்டுக்கும் பொதுவாகப் பாதியைக் கடித்துவிட்டுப் பாதியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் இரண்டு பேரும் வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் ஓடி வந்து அதற்கு அடித்துக்கொண்டீர்கள். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு ஆகாது என்று தள்ளியதை என் பிள்ளைகள் வாயில் போடுகிறேனே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பெரியவளே, உன் கேள்விக்கு இது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காகிதப் பொட்டலம்தான்.

அடுத்தது நடை. இன்று நம் ஊரில் ஷூ மாட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் நடக்கிறார்கள். அன்று ஒருவன் காலையில் வெறுங்கையோடு ரோட்டில் நடந்தால் ஊர் சும்மா விடாது. முதல் நாளே களத்து மேட்டில் நின்றிருந்த பங்காளி கேட்டார்.

"இன்னாபா, கைய வீசிக்கினு எங்க போற?"

"சும்மா நடக்கறேன்."

"சும்மா எதுக்கு நடக்கணும்? வூட்ல எதனா தகராறா?"

இரண்டாம் நாள் தகராறு என்று யாரும் கேட்கவில்லை. அதைவிட மோசமாகக் கேட்டார்கள். அந்த வருஷம்தான் வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் வந்து ஏரிக்கரை ஓரமாக நடந்து நடந்து நிலம் பார்த்துவிட்டுப் போனார்கள். "யாருக்குப்பா பாக்கற? நெலத்தக் காட்டி வுட்டா உனக்கு இன்னா தருவான்?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். சர்க்கரை என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பத்திமூன்று வயதில் நோய்க்காரன் என்று பேர் வாங்க வேண்டுமா? அது ஃபேக்டரி வரை போய், அடுத்த மெடிக்கலுக்கு முன்பே பேரை அடித்துவிட்டால்?

மூன்றாம் நாள் நான் ஒரு மாட்டுக் கயிற்றைக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கயிற்றோடு நடக்கிறவனை யாரும் எதற்கு நடக்கிறாய் என்று கேட்பதில்லை. மாடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது என்று அவர்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். "கெடைச்சுதா?" என்பார்கள். "இன்னும் இல்ல" என்பேன். நம் வீட்டில் அப்போது மாடே கிடையாது. விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும், ஆனாலும் கயிற்றைப் பார்த்ததும் மறந்துவிடுவார்கள். "செவலைக் கன்னுதான? மதகுப் பக்கம் மேஞ்சிகினு இருந்திச்சிபா" என்று ஒருவர் கையைக் காட்டினார். நானும் அந்தப் பக்கம் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. அதனால் நடை இன்னும் ஒரு மைல் கூடியது.

பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போனது. ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்தால் நம் வாசலில் ஒரு செவலைக் கன்றுக்குட்டி கட்டியிருக்கிறது. பாவம் என்று யாரோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கன்றின் சொந்தக்காரி தெருவில் நின்று, எங்கள் பரம்பரையையே திருடர் கூட்டம் என்று பேசிக்கொண்டிருந்தாள். உங்கள் அம்மா எத்தனை நேரம்தான் கேட்பாள்? "அவருக்கு சக்கர நோவும்மா. டாக்டர் நடக்கச் சொன்னார். வெறுங்கைய வீசிக்கினு போவ வெக்கப்பட்டுகினு கயித்தை எடுத்துகினு போனார். உன் கன்னு எங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டாள். அந்தம்மா கன்றை அவிழ்த்துக்கொண்டு, "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் டீக்கடைக்காரர் நான் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீயை வைத்தார். இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஃபேக்டரிக்குத் தெரிய மூன்று நாள் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் பயந்திருக்கிறேன்.

சாப்பாட்டில் எனக்கு இருந்த கஷ்டத்தைவிட உங்கள் அம்மாவுக்கு இருந்தது அதிகம். விடியலில் எழுந்து எனக்கு மட்டும் கேழ்வரகுக் களி கிண்டுவாள். அவள் சேரப்பணஞ்சேரியில் பிறந்த வீட்டில் களி தின்று தின்று சலித்து, கட்டிக்கொண்ட வீட்டிலாவது மூன்று வேளையும் அரிசிச் சோறு என்று பெருமையாக இருந்தவள். பக்கத்து வீட்டுக்குக் களி வாசனை போனால் வேலை போய்விட்டது என்று நினைப்பார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு கிண்டுவாள்.

சோறு, நடை எல்லாம்கூடப் பழகிவிட்டன. மனசை லேசாக வைத்துக்கொள் என்றாரே, அதுதான் பிடிபடவில்லை. கவலைப்பட்டால் சர்க்கரை ஏறும் என்று தெரிந்த நாளிலிருந்து, நான் கவலைப்படுகிறேனா என்று கவனிப்பதே ஒரு கவலையாகிவிட்டது. கல்லில் இரும்பை வைத்துத் தேய்க்கும்போது ஆர்டர் வருமா வராதா என்று நினைப்பு வரும். உடனே, ஐயோ நினைத்துவிட்டேனே, இப்போது ஒரு சொட்டு ஏறியிருக்கும் என்று தோன்றும். ஒரு நாள் உங்கள் அம்மாவிடமே கேட்டேன்.

"என் மொகம் கவலையாவா கீது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மொகமே அதான். நீங்க சிரிக்கறப்பக்கூட அப்டிதான் கீது. இதுக்குப் போயி புதுசா இன்னா பண்ண முடியும்?"

புரட்டாசி முடிவதற்குள் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். இளைத்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. நடந்தால் இளைக்கும் என்றார்கள். சர்க்கரை முற்றினாலும் இளைக்கும் என்றார்கள். ஒரே பெல்ட்டு ஓட்டைக்கு இரண்டு அர்த்தம். ஐப்பசி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது.

பக்கத்துக் கல்லில் வேலை செய்தவரை நான் அண்ணாத்தே என்று கூப்பிடுவேன். என்னைவிட ஆறேழு வயது பெரியவர், பர்மனென்ட் ஆகி ஆறு வருஷம் ஆனவர். இரண்டு ஆள் தூக்குகிற இரும்பை ஒரே ஆளாகத் தூக்குவார். எனக்கு வருகிற வெல்லத்தில் நான் பாதி கடித்தால், அவர் தனக்கு வந்த முழு உருண்டையையும் டீயோடு முடித்துவிட்டு என் கையைப் பார்ப்பார். டீ நேரத்தில் அவர்தான் சொன்னார்.

"நீ இன்னாத்துக்குப்பா இம்மாம் அவஸ்தப்படற? என்னுத எடுத்துகினு போ."

"எத அண்ணாத்தே?"

"எத கேக்கறான் பாரு. அந்த பாட்டிலுக்குத்தான். நான் மெடிக்கல் போனப்ப அதே டாக்டர், குதிர மாதிரி கீறேன்னார். என் உடம்புல ஊசி ஏறினதே இல்ல. நான் கூட வரேன், பின்னாடி நின்னுகினு ரொப்பிக் குடுத்துட்டுப் போயினே இருக்கேன்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதம் நடந்தவன் நான். களி தின்றவன் நான். ஆனால் அதெல்லாம் உள்ளே போய் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணாத்தேயின் உடம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. என் உடம்பை நம்புவதைவிட அவர் உடம்பை நம்புவது சுலபமாக இருந்தது. உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று காலையிலும் அவள் களி கிண்டிக் கொடுத்தாள், நானும் தின்றுவிட்டுப் போனேன்.

டாக்டர் வீட்டின் பின்பக்கம் தகரக் கதவு போட்ட கக்கூஸ். கம்பவுண்டர் என் பேர் ஒட்டின பாட்டிலைக் கொடுத்தார். அதைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக, வெளியே நின்ற அண்ணாத்தேயிடம் நீட்டினேன். அவர் நிரப்பி, "சூடு ஆறதுக்குள்ள குடுத்துடு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விட்டார்.

கம்பவுண்டர் விளக்கைப் பற்ற வைத்தார். நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீலம் பச்சையானது. சரி, பச்சை என்றால் கொஞ்சம்தானே என்று நினைப்பதற்குள் மஞ்சளானது. பிறகு ஆரஞ்சு. அதிலும் நிற்கவில்லை. சுட்டெடுத்த செங்கல்லைப் பொடி பண்ணிக் கரைத்தது போல் ஆகிவிட்டது.

"யோவ், போன தடவையவிட மோசம்யா" என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மூணு மாசம் டைம் குடுத்தேன். ஒரு நாளாவது நடந்தியா?"

"தினம் நடந்தேன் சார்."

"சாப்பாடு?"

"களிதான் சார்."

"பொய் சொல்லாதப்பா. நீ ஒண்ணுமே பண்ணல. உனக்கே உன் உடம்பு மேல அக்கறை இல்லன்னா நான் என்ன செய்ய முடியும்?" பேனா மூடியைக் கழற்றினார். மேஜை மேல் கம்பெனிக் காகிதம் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஆர்டர் போயிருக்கும். திறந்தால் ஏமாற்றியவன் என்று ஆர்டரும் போகும், அண்ணாத்தேக்கும் கெட்ட பேர் வரும். இதையெல்லாம் நான் யோசித்துச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. யோசிக்கவில்லை. நீ ஒண்ணுமே பண்ணல என்று அவர் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. கன்றுக்குட்டிச் சண்டை வரைக்கும் போய்விட்டு வந்தவன் நான்.

"அது என்னுது இல்ல சார்" என்றேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப யாருது?"

கம்பவுண்டர் ஜன்னல் வழியாக எதிர்க்கடையைக் காட்டினார். "கூட ஒருத்தர் வந்தாரு சார்."

கூப்பிட்டதும் அண்ணாத்தே கர்சீப்பில் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னாபா, பாஸா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"உக்காருப்பா," என்றார் டாக்டர். "உனக்குச் சர்க்கரை இருக்கு. நிறைய இருக்கு."

அண்ணாத்தே சிரித்தார். "எனக்கு மெடிக்கல் முடிஞ்சிபோச்சி சார். நான் பர்மனென்ட்டு."

"நான் உன் வேலையைச் சொல்லலப்பா. நைட்டு எத்தனை தடவை எழுந்து போற?"

"நாலஞ்சு தபா. அது டீ ஜாஸ்தி குடிக்கறதால சார்."

"கால் மரத்துப் போகுதா?"

"நாளெல்லாம் நின்னா எவனுக்குத்தான் மரக்காது? இவனுக்கும்தான் மரக்கும். கேளுங்க." சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

டாக்டர் என்னிடம் வேறு பாட்டில் கொடுத்தார். இந்தத் தடவை கம்பவுண்டர் கதவுக்கு வெளியே காவல் நின்றார். குழாய் சூடேறியது. நீலம் கலங்கி, லேசாகப் பச்சை தட்டி, அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது பச்சையா, நீலமாய்யா?"

"பச்சைதான் சார். லேசா." கம்பவுண்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீலம்னும் சொல்லலாம்."

"நான் பாஸா சார்?" என்றேன்.

"இது பரீட்சை இல்லப்பா."

"எனக்குப் பரீட்சைதான் சார்."

அவர் குழாயை ஸ்டாண்டில் வைத்தார். "குறைஞ்சிருக்கு. போயிடுச்சுன்னு சொல்ல முடியாது. நீ பண்ணின வேலைக்கு இன்னிக்கு ஃபிட்டுன்னு எழுத எனக்கு மனசு வரல. அன்ஃபிட்டுன்னு எழுதவும் மனசு வரல. இன்னும் மூணு மாசம் பாக்கணும்னு எழுதறேன். அடுத்த தடவை இப்படி எல்லாம் பண்ணாதே." பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "தினம் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. சர்க்கரைக்காரனுக்குக் கால்ல ஒண்ணு பட்டா தெரியாது. அடுத்தவன் வந்து உங்க உள்ளங்காலைப் பாக்க மாட்டான்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அண்ணாத்தேயோடு நடந்தேன். பாதி வழியில் அவர் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"காத்தால எழுந்து ரெண்டு டீ குடிச்சிட்டு வந்தேன்பா. நல்லாதான் இருந்தேன். உனக்கு ஒத்தாச பண்ண வந்து நோவ வாங்கினு போறேன்."

"நான் குடுக்கல அண்ணாத்தே. அது உங்களுக்கு முன்னாடியே…"

"தெரியாத வரிக்கும் இல்லியே. நீ வாய மூடிகினு இருந்தா எனக்கு இன்னிக்கும் இல்ல."

"என் ஆர்டர் போயிருக்கும்."

"ஆங். உன் ஆர்டருக்குத்தான் என் உடம்பு."

படப்பை பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை என்னால் முடிவு பண்ண முடியவில்லை. தை மாதம் மறுபடி டெஸ்ட் கொடுத்தேன். அதே லேசான பச்சை. அதற்குத்தான் டாக்டர் ஃபிட் என்று எழுதினார். ஐப்பசியில் ஆகாத பச்சை தையில் எப்படி ஆனது என்று நான் கேட்கவில்லை. மாசியில் ஆர்டர் வந்தது, மற்றப் பத்துப் பேருக்கும் பின்னால். அண்ணாத்தே ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் டீ நேரத்தில் வந்து என் வெல்லத்தில் பாதியைப் பிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் சமாதானம். அவர் எதையும் விடவில்லை, நினைவு வந்தால் மாத்திரை போடுவார். இன்றைக்கும் சைக்கிளில் பஜாருக்கு வருகிறார், என்னைவிட நன்றாக இருக்கிறார். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் நடந்த எனக்கு ஐந்து வருஷமாக இன்சுலின் ஊசி. நடக்காமல் இருந்திருந்தால் இருபது வருஷம் முன்பே ஊசி வந்திருக்கும் என்று இப்போதைய டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். நடக்காத இன்னொரு நானைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடியாது.

ஆகையால் பெரியவளே, என்னிடமிருந்து வந்ததா உன் சாப்பாட்டால் வந்ததா என்றால் எனக்குத் தெரியாது. என்னிடமிருந்து வந்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனாலும் நீ நட. எங்கள் ஃபேக்டரித் தூசுக்கு நான் பொறுப்பில்லை, என் அப்பா கொடுத்த ரத்தத்துக்கும் பொறுப்பில்லை. அதையெல்லாம் கழித்தால் எனக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்றும் தெரியாது. தெரியாமலேதான் நடந்தேன்.

அன்று அண்ணாத்தே ஏறிய பஸ் போன பிறகு நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டுக் கட்டை மேல் உட்கார்ந்தேன். ரோட்டில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டு, உள்ளங்காலைத் திருப்பினேன். முப்பத்திமூன்று வருஷத்தில் அதை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. கறுப்பாக, வெடித்து, யாருடைய காலோ போல் இருந்தது. கட்டை விரலால் ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டே வந்தேன். குதிகாலில் ஓர் இடத்தில் விரலுக்குக் கடினமாகத் தட்டியது, காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். ஓர் இரும்புத் துணுக்கு தோலுக்குள் ஏறி, மேலே மூடியிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ.

பக்கத்து வேலியில் ஒரு கருவேல முள்ளை ஒடித்தேன். மெதுவாகத் தோலை நெம்பி அதை வெளியே எடுத்தேன். கொஞ்சம் ரத்தம் வந்தது. பாலத்துக்குக் கீழே இறங்கி, ஓடுகிற தண்ணீரில் காலைக் கழுவி, கர்சீப்பால் விரல் இடுக்கெல்லாம் துடைத்தேன். பிறகு மேலே வந்து உட்கார்ந்து, இடது காலைத் தூக்கித் தொடை மேல் போட்டுக்கொண்டேன்.